ஆசிரியத் தகுதியும் சான்றும்: திருமலை கிருஷ்ணமாச்சாரியாரின் வாழ்க்கை

யோகாசிரியராவதற்கு இன்று 200 மணிநேரப் பயிற்சியும் தேர்வும் சான்றிதழும் அளவுகோல்களாகப் பெரிதும் கொள்ளப்படுகின்றன. இவை தோன்றும் முன்னர்க் கற்பிக்கும் தகுதி எவ்வாறு நிறுவப்பட்டது என்னும் வினாவிற்குத் திருமலை கிருஷ்ணமாச்சாரியாரின் (1888–1989) வாழ்க்கை விடை தருகிறது.

இன்றைய கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில், முசுகுந்தபுரம் என்னும் சிற்றூரில், ஸ்ரீவைணவக் குடும்பத்தில் பிறந்தவர் இவர். வடமொழியையும் யோகத்தையும் தந்தையிடம் கற்கத் தொடங்கினார். பின்னர் மைசூரிலும் காசியிலும் தருக்கம், மீமாம்சை, வேதாந்தம் ஆகியவற்றைப் பயின்றார். தம் குலம் நாதமுனிகளின் வழிவந்தது என்பது இவரது நம்பிக்கை. பதினாறாம் அகவையில் ஆழ்வார்திருநகரிக்குச் சென்றபோது, நாதமுனிகளின் மறைந்துபோன யோகரகசியம் தமக்குக் காட்சியில் அருளப்பட்டதாக இவர் கூறினார். நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தை நாதமுனிகள் அத்தலத்திலேயே யோகநிலையில் நம்மாழ்வார்வழிப் பெற்றார் என்பது குருபரம்பரை மரபு. மறைந்த நூல், ஒரே தலம், காட்சிவழி மீட்பு என இரு செய்திகளும் ஓர் அமைப்பினவாக உள்ளன. எனவே, இவரது கூற்றை வரலாற்றுச் சான்றாகக் கொள்வதைவிட, தகுதியை மரபின் மொழியில் நிறுவும் முறையாகக் கொள்வதே பொருந்தும்.

இமயத்திற்கு அப்பால் இராமமோகன பிரம்மச்சாரியிடம் ஏழாண்டுகள் பயின்றதாக இவர் கூறுவதும் தன்கூற்றே. இல்லறம் ஏற்று யோகம் கற்பிக்க வேண்டும் என்பதே ஆசிரியர் கேட்ட தட்சிணை என்பர். அக்கட்டளையின் விலை சிறிதன்று. சாத்திரப் புலமை மிக்க இவர், பிழைப்பிற்காகக் காப்பித் தோட்டத்தில் பணியாற்ற நேர்ந்தது.

நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவால் 1933இல் மைசூர் ஜகன்மோகன அரண்மனையில் யோகசாலை அமைந்தது. 1934இல் கன்னடத்தில் வெளிவந்த யோக மகரந்தம் 1938இல் தமிழிலும் அச்சேறியது. பி. கே. எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ் ஆகியோர் இக்காலத்து மாணவர். வெளிநாட்டுப் பெண்ணான இந்திரா தேவியை ஏற்க முதலில் மறுத்த இவர், அரசரின் பரிந்துரையால் இசைந்தார். இறுதியில் அவரைக் கற்பிக்குமாறு தாமே பணித்தார். ஆசிரியரின் அச்சொல்லே அவருக்குச் சான்றிதழாயிற்று.

அரசரின் மறைவிற்குப்பின் ஆதரவு குன்றி, 1950இல் யோகசாலை மூடப்பட்டது. அறுபது அகவை கடந்த நிலையில், 1952இல் சென்னைக்குக் குடிபெயர்ந்து, கற்போரின் உடல்நிலை, அகவை, தேவை ஆகியவற்றிற்கேற்பத் தனித்தனியே கற்பித்தார். மகன் தேசிகாச்சார் 1976இல் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தைச் சென்னையில் நிறுவினார். அதன்பின் ஒருவர் சொல்லால் வழங்கப்பட்ட தகுதி நிறுவனத்தின் பொறுப்பாக மாறத் தொடங்கியது.

காட்சி, குருவின் கட்டளை, அரச ஆதரவு, ஆசிரியர் சொல் என்னும் நான்கும் இவரது வாழ்வில் சான்றிதழின் இடத்தில் நின்றன. இவற்றுள் முதலிரண்டும் பிறரால் சரிபார்க்க இயலாதவை; மூன்றாவது அரசரோடு மறைந்தது. நான்காவது மட்டுமே மாணவரை நேரில் அறிந்து வழங்கப்பட்டது. சான்றிதழ் சரிபார்க்கத்தக்கது, ஆனால், கற்போரை அறியும் பொறுப்பை அது தானே உறுதிசெய்வதில்லை. சரிபார்க்கும் முறையையும் மாணவரை அறியும் பொறுப்பையும் இணைப்பதே இவ்வாழ்க்கை இன்றைய யோகக் கல்வியின்முன் வைக்கும் சிக்கல் எனலாம்.