சேனாதிபதி துபூர்

ஐரோப்பாக் கண்டத்தின் படத்தை விரித்து நோக்கின், அதன் நடுவே கட்டைவிரலால் மறைத்துவிடத்தக்க சிறு நாடொன்று காணப்படும். கடற்கரை அதற்கு இல்லை. சொல்லத்தக்க கனிவளம் இல்லை. குடிகள் அனைவர்க்கும் பொதுவான ஒரு மொழியும் இல்லை. ஆயினும் ரைன், ரோன் என்னும் பெருநதிகள் அந்நாட்டு மலைகளிலேயே பிறக்கின்றன. வடதிசையினின்று இத்தாலிக்கு இறங்கும் கணவாய்களுட் சிறந்தவை பல அதன் எல்லைக்குள் அடங்கியுள்ளன. நாற்சந்தியில் வீடு கட்டியவனுக்கு மதிப்பும் உண்டு, தொல்லையும் உண்டு. சுவிட்சர்லாந்தின் நிலைமை அத்தகையது. அந்நிலத்தை அடியடியாய் அளந்தும், அதனைக் காத்தும் நின்ற கியோம் ஆன்றி துபூர் என்பாரின் சரிதம் நம் மாணவர் அறியத்தக்கது.

இவர் 1787-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 15-ந் தேதி கான்ஸ்டன்ஸ் நகரிற் பிறந்தார். தந்தையார் ஜெனீவாவைச் சேர்ந்த கடிகாரத் தொழிலாளர். 1782-ல் அந்நகரில் நேர்ந்த அரசியற் கலகத்தால் ஊரைவிட்டு வெளியேறியவர். குடும்பம் ஜெனீவாவுக்குத் திரும்பியபின், துபூருக்குப் பதினொரு வயது நிரம்புமுன்னரே, 1798-ல் பிரஞ்சு நாடு அந்நகரைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டது. அவ்வாண்டே பிரஞ்சுச் சேனைகள் சுவிஸ் நாட்டுக்குள்ளும் புகுந்தன. மறு ஆண்டில் பிரஞ்சுக்காரரும் ஆஸ்திரியரும் ருஷியரும் அம்மலைகளில் ஒருவரோடொருவர் பொருதனர். 1800-ல் நெப்போலியன் பெரிய செயிண்ட் பெர்னார்டு கணவாயைக் கடந்து இத்தாலியில் இறங்கினான். பின்னர் சிம்ப்லோன் கணவாயில் பீரங்கி செல்லத்தக்க சாலை அமைத்தான். அச்சாலை கைவிட்டுப் போகாதிருக்கும்பொருட்டு 1810-ல் வாலே நாட்டையே தன் இராச்சியத்துடன் இணைத்துக்கொண்டான். ஒரு வழிக்காக ஒரு நாடு விழுங்கப்பட்ட காலத்தில் வளர்ந்தவர் துபூர் என்பதை நாம் மறத்தலாகாது.

பிரஞ்சுக் குடியாக இருந்தமையால் 1807-ல் பாரிஸ் நகரத்துப் பாலிடெக்னிக் கலாசாலையிற் சேர்ந்து, எஞ்சினீயர் உத்தியோகஸ்தராய்க் கோர்பு தீவின் அரண்களில் வேலை பார்த்தார். நெப்போலியன் வீழ்ந்தபின் 1815-ல் ஜெனீவா சுவிஸ் கூட்டாட்சியில் ஓர் அங்கமாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் வல்லரசுகள் அந்நாட்டின் நடுநிலைமையை என்றைக்குமென ஒப்புக்கொண்டன. இதனை அவர்தம் தயாளம் என்று கொள்ள நமக்கு மனம் வரவில்லை. அக்கணவாய்கள் மற்றவன் கைக்குப் போகலாகாதென்று ஒவ்வொருவரும் எண்ணியதன் பயனே அது. காகிதத்தில் எழுதப்பட்ட நடுநிலைமை காவலின்றி நில்லாது. 1817-ல் தாய்நாட்டுப் பணிக்குத் திரும்பிய துபூர் இதனை நன்குணர்ந்தார். 1819-ல் தூன் என்னுமிடத்தில் இராணுவப் பாடசாலை தோன்றுதற்குக் காரணராயிருந்தவருள் இவரும் ஒருவர். அங்கு இவரிடம் பயின்ற மாணாக்கருள் ஒருவன் பிற்காலத்தில் மூன்றாம் நெப்போலியன் ஆனான்.

இவரது பெரும்பணி தேசப்படமே. கான்டன்கள் எனப்படும் உறுப்பு நாடுகள் அக்காலத்தில் தத்தம் போக்கிலேயே இயங்கின. நாடு முழுவதையும் ஒரே அளவையிற் காட்டும் செம்மையான படம் இல்லை. மலையும் பள்ளமும் அறியாத சேனை கண்ணில்லாதவன் களத்தில் நிற்பதை ஒக்கும். 1832-ல் இவ்வேலை துபூரின் பொறுப்பில் வந்தது. 1834-ல் ஆர்பெர்க் அருகேயுள்ள சதுப்பு நிலத்தில் ஏறக்குறைய 13 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோடு ஒன்று அளக்கப்பட்டது. அதன்மேல் முக்கோணங்கள் பல அடுக்கிச் சிகரங்களின் இடம் கணிக்கப்பட்டது. அளவையாளர் கோடைதோறும் கருவிகளைச் சுமந்து பனிமலை ஏறினர். செப்புத் தகட்டிற் செதுக்கி அச்சிடப்பட்ட 25 தாள்களும் 1845 முதல் 1864 வரை வெளிவந்தன. அளவு இலட்சத்தில் ஒரு பங்கு. வடமேற்கிலிருந்து வெயில் சாய்ந்து விழுவதுபோல் நுண்கோடுகளால் நிழல் தீட்டியிருத்தலின், பார்ப்போர் கண்ணுக்கு மலைகள் தாளினின்று எழுந்து நிற்பதாய்த் தோன்றும். தன் நாட்டின் உருவத்தை ஒவ்வொரு குடியும் ஒரே பார்வையிற் காண நேர்ந்தது அப்பொழுதுதான்.

படம் முற்றுப்பெறுமுன் நாடே பிளவுபடலாயிற்று. கத்தோலிக்க கான்டன்கள் ஏழு 1845-ல் தனிக்கூட்டுச் செய்துகொண்டன. அதனைக் கலைக்குமாறு பொதுச்சபை 1847-ல் துபூரைச் சேனாதிபதியாக நியமித்தது. ஆஸ்திரியாவும் பிரான்சும் தனிக்கூட்டின்பால் அன்புகொண்டிருந்தன. சண்டை நீடித்தால் அயலார் தலையிடுவது திண்ணம். ஆகவே விரைவும் வேண்டும். உடன்பிறந்தாரைக் கொன்று குவிக்கவும் கூடாது. துபூர் நிலத்தையே துணைக்கொண்டார். பிரிபூர் தன் கூட்டாளிகளினின்று விலகி, எதிர்ப்பக்கத்து நாடுகளுக்கிடையே தனித்துக் கிடந்தது. மிக்க சேனையுடன் அதனை வளைத்துக்கொள்ள, நவம்பர் 14-ந் தேதி அது பணிந்தது. வாலே மலைகளுக்கப்பால் ஒதுங்கியிருந்தமையின் அதனை இறுதிக்கு விட்டு, லூசர்னை நோக்கித் திரும்பினார். 23-ந் தேதி கிசிகோனிற் போர் நிகழ்ந்தது. மறுநாள் லூசர்ன் வீழ்ந்தது. 29-ந் தேதி வாலேயும் அடங்கிற்று. மாதம் ஒன்று நிறையவில்லை. இருதிறத்தும் மாண்டவர் ஏறக்குறைய நூறு பேரே. காயமுற்ற பகைவரைப் பேணவும், பெண்டிர், முதியோர், குருமார் ஆகியோரைக் காக்கவும் போர்தொடங்கும்போதே படைவீரருக்கு அவர் கட்டளையிட்டிருந்தார். தோற்றவர் மனத்தில் வடு ஆறாதிருந்திருப்பின், 1848-ம் ஆண்டு செப்டம்பரிற் பிறந்த கூட்டாட்சி அரசியலமைப்பு நிலைத்திருக்குமோ என்பது ஐயமே.

1856-ல் நொஷாத்தெல் நாட்டின் பொருட்டுப் பிரஷியா போருக்கெழுந்தபோது முதியவரான துபூர் மீண்டும் சேனாதிபதியானார். பாரிசுக்குச் சென்று பழைய மாணாக்கனான சக்கரவர்த்தியிடமும் பேசினார். மறு ஆண்டு பிரஷிய அரசன் தன் உரிமையைக் கைவிட்டான்.

1863-ல் ஜெனீவாவிற் கூடிய ஐவர் குழுவுக்கு இவரே முதற்றலைவர். அதுவே செஞ்சிலுவைச் சங்கமாய் வளர்ந்தது. 1864-ம் ஆண்டு ஆகஸ்டு 22-ந் தேதி பன்னிரண்டு அரசுகள் உடன்படிக்கையிற் கையொப்பமிட்ட மகாநாட்டிலும் இவரே தலைமை வகித்தார். சேனைக்கெல்லாம் ஒரே கொடி வேண்டுமென முன்பு இவர் வற்புறுத்திய சிவப்பில் வெண்சிலுவை, வெண்மையிற் செஞ்சிலுவையாக நிறம் மாறி உலகெங்கும் சென்றது. 1875-ம் ஆண்டு ஜூலை 14-ந் தேதி ஜெனீவாவிற் காலமானார். அவர் அளப்பித்த மலைகளுள் அந்நாட்டிலேயே மிக உயர்ந்ததான 4,634 மீட்டர்ச் சிகரத்துக்கு, அவர் உயிருடன் இருந்தபோதே, 1863-ல் கூட்டாட்சி அரசினர் துபூர் சிகரம் எனப் பெயரிட்டிருந்தனர்.