நோயைத் தானமாகப் பெற்றவர்

மலைநாட்டுத் திருப்பதிகள் 13இல் திருநாவாயும் ஒன்று. நம்மாழ்வாரும் திருமங்கை மன்னனும் மங்களாசாஸனம் செய்தருளிய நாவாய் முகுந்தன், பாரதப்புழையின் கரையில் அங்கே நித்ய வாஸம் செய்தருளுகிறான். அத்திவ்ய தேசத்துக்கு அண்மையில் மேல்பத்தூர் என்னும் நம்பூதிரி இல்லம் ஒன்று விளங்கிற்று. 1560ஆம் ஆண்டையொட்டி அவ்வில்லத்தில் மாத்ருதத்தர் என்னும் பண்டிதரின் குமாரராய் அவதரித்தவரே, ஸ்ரீமந் நாராயணீயத்தை உலகுக்கு அளித்த ஸ்ரீ நாராயண பட்டத்ரி.

தந்தையாரிடம் மீமாம்ஸையும், மாதவர் என்னும் ஆசிரியரிடம் வேதத்தையும், தமையனார் தாமோதரரிடம் தர்க்கத்தையும் இவர் பயின்றார். வ்யாகரணம் கற்றது அச்யுதப் பிஷாரடியிடம். இந்த விவரங்களையெல்லாம் பட்டத்ரியே தம் நூலொன்றில் குறித்துள்ளார். ஆயினும் இளமையில் இவர் கல்வியில் கருத்தின்றித் திரிந்தார் என்றும், பிஷாரடியின் குடும்பத்தில் ஸம்பந்தம் கொண்டபின் அப்பெரியவர் ஒரு நாள் கடிந்துரைத்த சொல்லே இவரைத் திருத்திற்று என்றும் கேரள நாட்டுப் பெரியோர் வழிவழியாகச் சொல்லி வருவர். பிறப்பால் நம்பூதிரியான ஒருவர், கோயில் கைங்கர்யத்துக்குரிய பிஷாரடி குலத்தவரின் திருவடியில் சிஷ்யராய் அமர்ந்தது அக்காலத்தில் சிறிய செய்தியன்று. ஞானம் இருக்குமிடமே குருபீடம் என்று கொண்ட உள்ளம் அது.

அச்யுதப் பிஷாரடியின் ஊர் திருக்கண்டியூர். சோழ நாட்டில் ஹரசாப விமோசனப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் கண்டியூர் வேறு. இது திரூருக்கு அருகிலுள்ள மலைநாட்டு ஊர். ஸங்கமக்ராம மாதவர் தொடங்கி, பரமேச்வரர், நீலகண்ட ஸோமயாஜி, யுக்திபாஷை இயற்றிய ஜ்யேஷ்டதேவர் என வழிவழி வந்த கணித மேதைகளின் பரம்பரையில் அச்யுதர் ஒரு மணிவிளக்கு. கிரகங்களின் ஸ்புடத்தை நுட்பமாகத் திருத்திக் காணும் வழியை ஸ்புடநிர்ணயம் என்னும் நூலில் வகுத்தார். சூரிய சந்திர கிரஹணங்களைக் கணிக்க உபராகக்ரியாக்ரமம் எழுதினார். ஜாதக சாஸ்திரத்திலும் ஹோராஸாரோச்சயம் என்னும் நூலை ஆக்கினார். வேதபுருஷனுக்கு ஜ்யோதிஷம் கண் என்றும் வ்யாகரணம் முகம் என்றும் சொல்வர். அந்த இரண்டையும் ஒருங்கே உடையவராய் விளங்கினார் இப்பெரியவர்.

வானத்து நிழல்கள் எப்போது எவ்வளவு கவியும் என்று நாழிகை பிசகாமல் கணித்த அம்மஹானை வாத நோய் பற்றிக்கொண்டது. கையும் காலும் முடங்கின.

இவ்விடத்தில் ஜ்யோதிஷ சாஸ்திரத்தின் உட்கருத்தைச் சற்று நின்று நோக்குதல் தகும். கிரகங்கள் மனிதருக்குத் துன்பம் தருகின்றன என்று உலகத்தார் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். சனி பிடித்தது, ராகு கெடுத்தான் என்பது வீதிப் பேச்சு. சாஸ்திரம் அவ்வாறு சொல்லவில்லை. வராஹமிஹிரர் தம் லகு ஜாதகத்தில், முற்பிறவிகளில் ஈட்டிய வினையின் பயனை இந்த சாஸ்திரம் வெளிப்படுத்துகிறது, இருளில் உள்ள பொருள்களை விளக்குக் காட்டுவது போல என்று உவமை கூறினார். விளக்கு பொருளை உண்டாக்குவதில்லை. இருப்பதைக் காட்டுகிறது, அவ்வளவே. பிற்காலத்தில், 1649இல் கேரளத்தில் எழுந்த ப்ரச்ன மார்க்கம் என்னும் நூலும் நோய்க்குக் காரணமான முன்வினையை ஆராய்ந்து, அதற்குரிய ப்ராயச்சித்தங்களைச் சொல்கிறது. இவ்வுலகில் உடலெடுத்த எவரும் இந்தக் கணக்குக்குப் புறம்பானவர் அல்லர். அரசனும் ஆண்டியும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டவர்கள். ஏட்டைப் படிக்கத் தெரிந்த ஜ்யோதிஷனும் அப்படியே என்பதை அச்யுதரின் படுக்கை காட்டிற்று.

எனில், ஒருவர் வினையை மற்றொருவர் ஏற்கலாகுமோ? கணக்குப்படி ஆகாது. அன்பின் வழக்கோ வேறு. ஆசாரியனின் வேதனையைக் காணப் பொறாத பட்டத்ரி, குரு தக்ஷிணையாக அந்நோயையே தமக்குத் தந்தருள வேண்டும் என்று விண்ணப்பித்து, கர்ம விபாக விதிப்படி தாரை வார்த்துத் தானமாகப் பெற்றுக்கொண்டார் என்பது ஸம்ப்ரதாயம். பொன்னும் பசுவும் தானமாக வாங்கினவர் பலர். நோயைக் கைநீட்டி வாங்கினவர் இவர். குருநாதர் எழுந்து நடந்தார், சிஷ்யர் விழுந்தார். அப்போது அவருக்கு வயது 30கூட நிரம்பவில்லை.

மருந்துகள் பயன்படாமற் போகவே, பட்டத்ரி எழுத்தச்சனை நாடினார். மலையாள மொழியில் அத்யாத்ம ராமாயணம் பாடிய துஞ்சத்து எழுத்தச்சனின் ஊரும் திரூரை அடுத்ததே. இந்நோய்க்கு வழி யாது என்று கேட்டுவர ஆளனுப்பியபோது, மீனிலிருந்து தொடங்கச் சொல் என்று ஒரே சொல்லில் அவர் விடை விடுத்தாராம். கேட்டவர்கள் முகம் சுளித்தனர். அந்தணரை மீன் உண்ணச் சொல்வதா என்று வெகுண்டனர். பட்டத்ரியோ பொருளை உடனே உணர்ந்தார். மத்ஸ்யாவதாரம் முதலாக எம்பெருமானின் அவதாரங்களைப் பாடுக என்பதன்றோ அதன் உட்பொருள்!

இப்படியாகக் குருவாயூருக்கு அவரைச் சுமந்துகொண்டு வந்தனர். 108 திருப்பதிகளில் எண்ணப்படாவிடினும் அடியார் நெஞ்சில் நீங்காத தலம் அது. குருவாகிய ப்ருஹஸ்பதியும் வாயு தேவனும் சேர்ந்து ப்ரதிஷ்டை செய்ததால் குருபவனபுரம் என்றும், வாதாலயம் என்றும் பெயர் பெற்றது. குருவின் பொருட்டு வாதத்தை ஏற்றவர், குருவும் வாயுவும் அமைத்த ஸந்நிதியை வந்தடைந்த பொருத்தத்தை என்னென்பது! ஸந்நிதியை ஒட்டி அவர் அமர்ந்து பாடிய திண்ணையை இன்றும் பட்டத்ரியின் இடமென்று காட்டுகிறார்கள்.

நாளொன்றுக்கு ஒரு தசகம் என்னும் வழக்கின்படி, 1586ஆம் ஆண்டு ஆவணியின் பிற்பகுதியில் அவர் தொடங்கினார். ஸ்ரீமத் பாகவதம் என்னும் பெருங்கடலை ஆயிரத்துச் சொச்சம் ச்லோகங்களில் அடக்குவது பணி. ஏறக்குறைய ஒவ்வொரு தசகத்தின் முடிவிலும் குருவாயூரப்பனை விளித்து நோயைப் போக்கியருள வேண்டுகிறார். புராணத்தைச் சொல்பவர் கதைக்கு வெளியே நின்று சொல்வதுதான் வழக்கம். இவர் அவ்வாறு நிற்கவில்லை. கஜேந்திரனுக்கு அருளியவனிடம், ப்ரஹ்லாதனுக்காகத் தூணில் தோன்றியவனிடம், தம் முடங்கிய உடலைக் காட்டிக் காட்டிப் பேசுகிறார்.

அவற்றுள் மூன்றாம் தசகம் ஊன்றிப் படிக்கத்தக்கது. உன்னை நினையாதவர்களும் சுகமாக வாழ்கிறார்கள், உன்பால் அன்பு வைத்த நான் இவ்வாறு தவிக்கிறேன், இது என்ன நியாயம், இதனால் உனக்குப் பழி வரலாகாதே என்று அங்கே அவர் எம்பெருமானையே வழக்குக்கு இழுக்கிறார். துன்பப்பட்ட ஒவ்வொரு பக்தனும் மனத்துள் கேட்டு, வாய்விட்டுக் கேட்க அஞ்சிய கேள்வி இது. கிரக நிலையைச் சொல்லி அதற்கு விடை கூற அவரால் இயன்றிருக்கும். அந்தக் கலையின் பேராசானிடம் வளர்ந்தவர் அவர். ஆனால் அப்பக்கம் அவர் திரும்பவேயில்லை. அடுத்த ச்லோகத்திலேயே, உன் கருணை உதிக்கும் வரையில் இப்புலம்பல்களை விட்டொழித்து, உன் திருவடிகளை வணங்கியும் துதித்தும் தொண்டு செய்தும் நாட்களைக் கழிப்பேன் என்று அமைதி கொள்கிறார். கேள்விக்கு விடை கிடைத்ததாக அவர் சொல்லவில்லை. விடைக்காகக் காத்திராமலே கைங்கர்யத்தில் இறங்கிவிட்டார். ப்ரபத்தியின் சுவடு அறிந்தவர்க்கு இதன் அருமை விளங்கும்.

குருவாயூரில் அக்காலத்தில் மற்றொரு துன்பப்பட்டவரும் இருந்தார். பூந்தானம் நம்பூதிரி என்பது அவர் பெயர். நெடுநாள் தவமிருந்து பெற்ற ஒரே குழந்தையை, சோறூட்டும் மங்கள நாளன்றே பறிகொடுத்த தந்தை அவர். அந்தத் துயரத்திலிருந்து ஞானப்பான என்னும் மலையாளப் பாடல் பிறந்தது. அவர் தம் பாடலைப் பார்த்துத் திருத்தித் தருமாறு பட்டத்ரியிடம் நீட்டியபோது, பாஷையில் எழுதியதை நான் பார்ப்பதா என்று இவர் மறுத்துவிட்டாராம். அன்றிரவு வலி முன்னிலும் கடுமையாயிற்று. பட்டத்ரியின் விபக்தியினும் பூந்தானத்தின் பக்தியே தனக்கு உகப்பு என்று பகவான் உணர்த்தியருளினான் என்றும், பட்டத்ரி பூந்தானத்தைத் தேடிச் சென்று மன்னிப்பு வேண்டினார் என்றும் வரலாறு கூறுகிறது. நோயாளி ஒருவர் தம்மைப் போலவே நொந்த மற்றொருவரைக் கண்டுகொள்ளத் தவறியதே பிழை. இலக்கணமும் பாஷையும் அதற்குப் போர்வை மட்டுமே.

நூறாவது நாள் வந்தது. கேசம் முதல் பாதம் வரை பகவானின் திவ்ய மங்கள விக்ரஹத்தைக் கண்ணெதிரே கண்டவராகவே அந்தக் கடைசித் தசகத்தைப் பாடுகிறார். நோய் அன்றே நீங்கிற்று என்பர்.

நூலின் இறுதிச் சொல் ஓர் அற்புதம். ஆயுளும் நோயின்மையும் நலமும் என்று பொருள்படும் அச்சொல், அதே வேளையில் ஓர் எண்ணும் ஆகிறது. மேளகர்த்தா ராகங்களின் எண்ணை அறிய ஸங்கீத வித்வான்கள் கையாளும் கடபயாதி முறையே இங்கும். முதலில் நிற்கும் உயிரெழுத்துக்குப் பூஜ்யம்; பின் யகரத்துக்கு 1, ரகரங்கள் இரண்டுக்கும் 2, 2, யகரத்துக்கு மீண்டும் 1, ஸகரத்துக்கு 7, கடைசி யகரத்துக்கு 1. வலமிருந்து இடமாக வாசித்தால் 17,12,210. கலியுகம் பிறந்ததிலிருந்து அத்தனையாவது நாளில் நூல் நிறைவுற்றது என்பது குறிப்பு. அது கொல்லம் 762, விருச்சிகம் என்று மலையாளத்தார் சொல்லும் கார்த்திகை மாதம் 28ஆம் நாள். ஜ்யோதிஷர்களின் கணக்கு மொழி, ப்ரார்த்தனை மொழியோடு இப்படி ஒன்றாயிற்று.

இன்னொன்றையும் அந்த ச்லோகத்தில் கவனிக்க வேண்டும். நூறு நாளும் என் நோய், என் நோய் என்று முறையிட்டவர், அந்தக் கடைசி வரியில் எனக்கு என்ற சொல்லை வைக்கவில்லை. இத்துதி இவ்வுலகில் நலம் செய்க என்று பொதுவாக விட்டுவிட்டார். தம் வலி என்று தொடங்கியது, வலியுடைய அனைவருக்குமாக முடிந்துவிட்டது. அதனாலன்றோ நோயுற்றவர் இல்லங்களில் அந்நூல் இன்றளவும் பாராயணம் செய்யப்படுகிறது! தமிழ்நாட்டில் சேங்காலிபுரம் அனந்தராம தீக்ஷிதரின் உபந்யாஸங்களால் அது ஊர்தோறும் பரவியதைப் பெரியோர் அறிவர்.

பட்டத்ரி அதன்பின் பல்லாண்டு வாழ்ந்தார். அம்பலப்புழை அரசர் தேவநாராயணரின் விருப்பப்படி ப்ரக்ரியா ஸர்வஸ்வம் என்னும் பேரிலக்கணம் செய்தார். மீமாம்ஸையில் மானமேயோதயத்தின் முற்பகுதி இவருடையது. சாக்கியார் கூத்துக்கென ராஜஸூயம், தூதவாக்யம் முதலிய ப்ரபந்தங்களை எழுதிக் கொடுத்தார். மூக்கறுபட்ட சூர்ப்பணகை பேசுவதாக, மூக்கொலி எழுத்தே வராமல் ஒரு ப்ரபந்தம் செய்த குறும்பும் இவருக்கு உண்டு. பாணினி சொல்லாததாலேயே ஒரு சொல் பிழையாகிவிடாது என்று வாதிட்டுச் சோழ நாட்டுப் பண்டிதர்களுக்கு எழுதியனுப்பினார். பகவதியின் திருவடிகளைப் போற்றும் ஸ்ரீபாத ஸப்ததியும் இவர் வாக்கே.

அச்யுதப் பிஷாரடி தம் சிஷ்யரின் புகழைக் கண்ணாரக் கண்டு நெடுநாள் இருந்தார். அவர் பரமபதித்தபோது பட்டத்ரி ஒரு ச்லோகம் இயற்றி, குருநாதரின் ஆத்மா பிரிந்ததைச் சொல்லும் அச்சொற்களுக்குள்ளேயே அந்த நாளின் கலிக் கணக்கையும் எழுத்தெழுத்தாக வைத்தார்.