ஐதர் அலி நம்பிய பாதிரியார்

1779-ம் ஆண்டு. மைசூரில் ஐதர் அலியின் ஆட்சி. சென்னைக் கோட்டையில் கிழக்கு இந்தியக் கம்பெனியின் ஆட்சி. இரு தரப்புக்கும் தீராத பகை. ஐதரின் பாதுகாப்பில் இருந்த மாகித் துறைமுகத்தை அந்த ஆண்டுதான் கம்பெனி பிடித்துக்கொண்டது. எந்த நேரமும் போர் மூளலாம் என்ற நிலை.

சமாதானம் பேச ஒரு தூதர் வேண்டும். கம்பெனிக்காரர் எவர் வந்தாலும் ஐதர் நம்பமாட்டார். ஆனால் ஒரே ஒருவர் வந்தால் பேசலாம், அந்தக் கிறிஸ்தவர் தன்னை ஏமாற்றமாட்டார் என்று அவர் சொல்லி அனுப்பியதாக அந்நாளிலிருந்து சொல்லப்பட்டு வருகிறது.

அந்தக் கிறிஸ்தவர்தான் சுவார்ட்ஸ் ஐயர்.

ஒரே அறை, கறுப்பு அங்கி

கிறிஸ்டியன் பிரெடெரிக் சுவார்ட்ஸ் 1726-ம் ஆண்டு பிரஷ்ய நாட்டில் பிறந்தவர். பிறந்த ஊர் சோனன்பர்க். அது இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. சிறு வயதிலேயே தாயை இழந்தார். மகனைக் கடவுள் பணிக்கு விட்டுவிட வேண்டும் என்பது அந்தத் தாயின் கடைசி ஆசை.

ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் படிக்கும்போதே தமிழ் கற்றுக்கொண்டார். 1750-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். சில மாதங்களில் தமிழிலேயே பிரசங்கம் செய்தார். பிறகு திருச்சிக்கும், அங்கிருந்து தஞ்சைக்கும் வந்தார். இந்தியாவுக்கு வந்தபின் சொந்த நாட்டுக்கு அவர் திரும்பவே இல்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

திருச்சியில் அவர் குடியிருந்தது ஒரு பழைய கட்டடத்தின் சின்ன அறை. கட்டில் போட்டால் மீதி இடம் கொஞ்சம்தான். சாப்பாடு சோறும் காய்கறியும். உடுப்பு, கறுப்புச் சாயம் போட்ட பருத்தி அங்கி. பட்டாளத்துக்குப் போதகராக இருந்ததற்கு வந்த சம்பளத்தில் பாதியைச் சபைப் பணிக்கே கொடுத்துவிடுவார்.

முந்நூறு ரூபாய்

கம்பெனியின் வேண்டுகோளை ஏற்று சீரங்கப்பட்டணம் போனார். ஐதர் அலி அவரைத் தம் பக்கத்தில் கம்பளத்தில் உட்கார வைத்துப் பேசினார். கம்பெனி வாக்குத் தவறியதை ஒன்றொன்றாக எடுத்துச் சொன்னார். பாதிரியாரின் பேரில் அவருக்குக் குறை இல்லை. அவரை அனுப்பியவர்கள் மேல்தான் குறை.

புறப்படும்போது வழிச்செலவுக்கு என்று முந்நூறு ரூபாய் கொண்ட பை ஒன்றை ஐதர் கொடுத்தனுப்பினார். சுவார்ட்ஸ் வேண்டாம் என்றார். திருப்பிக் கொண்டுபோனால் தங்கள் தலை தப்பாது என்று கொண்டு வந்த ஆட்கள் பயந்தார்கள். அதனால் வாங்கிக்கொண்டார். சென்னைக்கு வந்ததும் பையைச் சர்க்காரிடம் ஒப்படைத்தார். அவரே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு அதை முதலாகப் போட்டார்.

சமாதானம் கிடைக்கவில்லை. 1780-ல் ஐதரின் படை கர்நாடகச் சீமைக்குள் இறங்கியது. கம்பெனி ஒரு நல்லவரின் பெயரைக் கடன் வாங்கியதே தவிர, அந்தப் பெயருக்குத் தக்கபடி நடந்துகொள்ளவில்லை. ஆனால் ஐதர் அலி இதற்காகப் பாதிரியார் மேல் கோபம் கொள்ளவில்லை. அவரை யாரும் தடுக்கக்கூடாது, தாராளமாகப் போய்வர விட வேண்டும் என்று தம் படை அதிகாரிகளுக்கு உத்தரவு போட்டார்.

எண்பதாயிரம் கலம் நெல்

போரினால் தஞ்சையில் பஞ்சம். தெருவில் ஜனங்கள் செத்து விழுந்தார்கள். கோட்டைக்குள் இருந்த பட்டாளத்துக்கே சோறு இல்லை. வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. கொண்டு வர மாடு இல்லை. குடியானவர்கள் மாடு தர மறுத்தார்கள். முன்பு கொடுத்த மாட்டுக்கும் நெல்லுக்கும் பணம் வந்து சேரவில்லை. ராஜா சொன்னாலும் நம்பிக்கை இல்லை, கம்பெனி சொன்னாலும் நம்பிக்கை இல்லை.

துளஜா மன்னருக்கு வேறு வழி தெரியவில்லை. தம் வாக்கை ஜனங்கள் நம்பமாட்டார்கள் என்பதை அவரே ஒப்புக்கொண்டு சுவார்ட்ஸைக் கூப்பிட்டார். ஒரு ராஜா இப்படி ஒப்புக்கொள்வது லேசான காரியமா?

பணத்துக்குத் தாம் பொறுப்பு என்று சுவார்ட்ஸ் சொன்னார். இரண்டொரு நாளில் ஏறக்குறைய ஆயிரம் மாடுகள் வந்து சேர்ந்தன. உபதேசியார்களும் மற்றவர்களும் உயிருக்குத் துணிந்து கிராமம் கிராமமாகப் போனார்கள். எண்பதாயிரம் கலம் நெல் கோட்டைக்கு வந்தது. கொடுத்தவர்கள் அத்தனை பேருக்கும் பணம் பட்டுவாடா ஆனது.

பின்னால் ஒரு சமயம், அதிகாரிகளின் கெடுபிடி தாங்காமல் குடியானவர்கள் ஊரைவிட்டே போய்விட்டார்கள். நிலம் தரிசாகக் கிடந்தது. சர்க்கார் கூப்பிட்டு ஒருவரும் வரவில்லை. சுவார்ட்ஸ் கூப்பிட்டதும் ஒரே நாளில் ஏழாயிரம் பேர் திரும்பி வந்து ஏர் பிடித்தார்கள்.

சிறுவன் சரபோஜி

1787-ல் துளஜா மன்னர் மரணப் படுக்கையில் இருந்தார். தத்து எடுத்த மகன் சரபோஜிக்குப் பத்து வயதுகூட நிரம்பவில்லை. பிள்ளையைச் சுவார்ட்ஸிடம் ஒப்படைக்க விரும்பினார். அந்தப் பொறுப்பு தமக்குத் தகாது என்று நினைத்த பாதிரியார், மன்னரின் தம்பி அமர்சிங்கிடம் விடும்படி யோசனை சொன்னார்.

நல்ல எண்ணத்தில் சொன்ன யோசனைதான். பலன் நல்லதாக இல்லை. அமர்சிங் தாமே ராஜா ஆனார். சிறுவனைப் படிப்பு இல்லாமல், வெளிச்சம் இல்லாத இடத்தில் அடைத்து வைத்தார்கள். சுவார்ட்ஸ் சும்மா இருக்கவில்லை. கம்பெனிக்கு விடாமல் எழுதினார். 1793-ல் சரபோஜி சென்னைக்கு அனுப்பப்பட்டு, அங்கே கல்வி கற்றார். அரச உரிமை சரபோஜிக்கே என்ற வழக்குக்கும் பாதிரியார் துணை நின்றார்.

1798 பிப்ரவரி 13-ந் தேதி சுவார்ட்ஸ் தஞ்சையில் காலமானார். சரபோஜி ஓடி வந்து அவர் முகத்தைப் பார்த்து அழுதார். அதே ஆண்டில் தஞ்சையின் சிம்மாசனம் சரபோஜிக்குக் கிடைத்தது. பாதிரியார் அதைப் பார்க்கவில்லை.

சரபோஜி கடைசிவரை தம் குல சமயத்தை விடவில்லை. ஆனாலும் இங்கிலாந்தின் புகழ்பெற்ற சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு பளிங்கில் ஒரு நினைவுச் சின்னம் செய்யச் சொன்னார். தஞ்சை சிவகங்கைக் கோட்டைத் தேவாலயத்தில் அது இருக்கிறது. கட்டிலில் படுத்திருக்கும் கிழப் பாதிரியாரின் கையைப் பிடித்தபடி இளம் ராஜா நிற்கிறார். கல்லறைக்கு வேண்டிய வரிகளையும் சரபோஜியே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார்.