வழி வகுத்த கரிவர்தன்

உலகின் தலைசிறந்த மோட்டார்ப் பந்தயக் களம் எது? தம்பிலுவிலில் ஒரு மாலை என் மாணவர் வாதிட்டனர். ஒருவன் இத்தாலியின் மொன்சாவை அதன் வேகத்துக்காகப் புகழ்ந்தான். மற்றவன் மலைச்சரிவில் ஏழு கிலோமீட்டர் ஏறியிறங்கும் பெல்ஜியத்தின் ஸ்பாவை. இன்னொருவன் நகர வீதிகளே களமாகிய மொனாக்கோவை. எனக்கோ கோயம்புத்தூர்க் கரிவர்தனின் நினைவு எழுந்தது.

பஞ்சாலைக் குடும்பத்தில் 1954இல் பிறந்தவர் அவர். யுத்தகால விமான ஓடுபாதையாகிய சோழவரமே அந்நாளிற் சென்னையின் பந்தயக் களம். அங்கே வெற்றிகள் பல ஈட்டினார். ஆயினும் தாம் வெல்வது மட்டும் அவருக்குப் போதவில்லை. மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு, குறைந்த செலவில் ஒற்றையிருக்கைப் பந்தய வண்டி அமைத்தார். பெருஞ்செல்வர்க்கே திறந்திருந்த வாயில் இளைஞர் பலருக்கும் திறந்தது.

1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே 3.7 கிலோமீட்டர்க் களம் எழுந்தது. அங்கே அவ்வகை வண்டியில் முதற்பந்தயம் கண்ட நரேன் கார்த்திகேயன், 2005இல் மொனாக்கோவிலும் ஸ்பாவிலும் மொன்சாவிலும் ஓட்டினார். அதனைக் காணக் கரிவர்தன் இல்லை. 1995இலேயே விமான விபத்தொன்று அவரைக் கொண்டுபோயிற்று.

2003இல் கோயம்புத்தூரில் அவர் பெயரால் ஒரு களம் திறக்கப்பெற்றது. ஸ்பாவோடு ஒப்பிடின் அது மிகச் சிறிது. இவற்றைக் கூறியபின், மாணவர் களங்களின் வாதத்தை விட்டு, அந்த வண்டியைப் பற்றி வினவலாயினர்.