மூன்றாவது தடவையில் பாஸான மேதை

 

திருவாலங்காடு சர்க்கரை ஆலைப் பக்கம் அரவைக் காலத்தில் போனவர்களுக்கு மொலாசஸ் வாசனை தெரியும். சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் அந்தக் கருப்புப் பாகை ஈஸ்ட்டிடம் கொடுத்தால் ஆல்கஹால் கிடைக்கும். இப்படிக் கண்ணுக்குத் தெரியாத உயிர்களை வேலைக்கு வைத்து ரசாயனம் தயாரிப்பது இன்று உலகப் பெரிய தொழில். அந்தத் துறையில் சரித்திரம் படைத்தவர்களில் ஒருவர் நம்ம பக்கத்து ஆந்திராக்காரர். பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895-ல் பீமவரத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். படிப்பு ஏறவில்லை. பதின்மூன்று வயதில், காசியில் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பிழைக்கலாம் என்று வீட்டை விட்டே ஓடினார். நம்ம மலையடிவாரத்தில் கூடையோடு நிற்கும் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இவர் ஞாபகம்தான் வரும். பிடித்து வந்து படிக்க வைத்தார்கள். தாயார் நகைகளை விற்றுப் பணம் கட்டினார். மெட்ரிகுலேஷன் இரண்டு முறை ஃபெயில். மூன்றாவது முறைதான் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பாஸ். அரியர் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்!

சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தியது வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எழுதித் தேறியும் எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. நம்மைப் பார்த்து "வெறும் டிப்ளமோதானே" என்று கேட்கிறார்களே, அந்த வலி அவருக்கும் தெரிந்திருக்கும்.

இதற்கிடையே ஸ்ப்ரூ என்னும் வயிற்று நோய்க்கு அவருடைய சகோதரர்கள் இருவர் பலியானார்கள். பிறகு அமெரிக்கா போனார். ராத்திரியில் ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை, பகலில் ஹார்வர்டில் படிப்பு. அங்கே முதலில் வாங்கியதும் ஒரு டிப்ளமோதான்! பிஸ்கே என்ற பேராசிரியரோடு சேர்ந்து 1925-ல் பாஸ்பரஸை அளக்கும் முறையைக் கண்டுபிடித்தார். உடலுக்குச் சக்தி தரும் ஏ.டி.பி.யைக் கண்டறிந்தவர்களிலும் ஒருவரானார். ஆனாலும் அங்கே நிரந்தர வேலை கிடைக்கவில்லை.

1940-ல் லெடர்லே மருந்துக் கம்பெனிக்குப் போனார். அவர் நடத்திய குழு ஈரலிலிருந்தும், பாக்டீரியா வளர்ந்த திரவத்திலிருந்தும் போலிக் அமிலத்தைப் பிரித்தது. பிறகு செயற்கையாகவும் தயாரித்தது. சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கு அதுவே மருந்தானது. யானைக்கால் நோய்க்கு நமக்குக் கொடுக்கும் மாத்திரையும் அவர் குழு தந்ததுதான்.

அங்கே டகர் என்ற, ஓய்வு பெற்ற தாவரவியல் பேராசிரியர் ஊர் ஊராக மண்ணை வரவழைத்துச் சோதித்தார். மிசௌரி வயல் மண் ஒன்றில் பொன்னிறமாக வளரும் ஒரு நுண்ணுயிர் அகப்பட்டது. அது சுரந்த ஆரியோமைசின் 1948-ல் வெளிவந்தது. டெட்ராசைக்ளின் வகை மருந்துகளில் முதலாவது அதுதான்.

ஒரு துளி சுரப்பதை டன் கணக்கில் எடுக்க வேண்டுமே? பெரிய தொட்டி, சர்க்கரை, கிருமி நீக்கிய காற்று, ஓயாமல் சுற்றும் கலக்கி, சரியான வெப்பம், கடைசியில் வடிகட்டிப் படிகமாக்கல். வேறு கிருமி ஒன்று நுழைந்தால் தொட்டி முழுக்க வீண். கம்ப்ரஸர், வால்வு, பம்ப் எல்லாம் நம்ம சிலபஸில் இருப்பவைதானே! பின்னாளில் இந்த உயிர்களின் மரபணுவையே மாற்றக் கற்றார்கள். பாக்டீரியா தயாரித்த இன்சுலின் 1982-ல் விற்பனைக்கு அனுமதி பெற்றது.

சுப்பாராவ் இதையெல்லாம் பார்க்கவில்லை. ஆரியோமைசின் வெளிவந்த அதே 1948 ஆகஸ்டில், 53 வயதில், தூக்கத்திலேயே காலமானார். மனைவியை விட்டுப் போனவர் ஊர் திரும்பவே இல்லை. பிறந்த மகனையும் பார்க்காமலே இழந்தார். அவர் கொடுத்த விலை பெரிது. அதையும் மறைக்காமல் சொல்வதுதான் நியாயம்.

தணிகை மலைக்கு 365 படி. நடுவில் மூச்சு வாங்க உட்காருபவர் தோற்றவர் அல்ல நண்பர்களே. எழுந்து அடுத்த படியில் கால் வைத்தால் போதும்!