சேர் பொன்னம்பலம் அருணாசலம்: உத்தியோகப் படிகளும் ஒரு பெரியாரும்

நம் ஊரில் ஓர் இளைஞனுக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்ததென்று கேள்விப்பட்டால், பெரியோர்கள் வாழ்த்துக் கூறிய கையோடு வினவுவது எந்தத் தரம் என்பதையே. மூன்றாந் தரமா, இரண்டாந் தரமா, அடுத்த தரத்துக்கு எத்தனை வருடம், வினைத்திறன்காண் தடைதாண்டற் பரீட்சை எப்போது என்று பேச்சு நீண்டுகொண்டே போகும். அப்பேச்சு நமக்கு அந்நியமன்று. பட்டப்படிப்பு முடியுமுன்னரே வர்த்தமானியை எதிர்பார்த்திருக்கும் கூட்டத்தில் நாமும் நிற்கின்றோம். ஆகவே, அத்தகைய படிகளிலே போட்டிப் பரீட்சை எழுதி முதன்முதல் ஏறிய இலங்கையரின் சரிதையை இவ்வாண்டு மலரில் எழுதுவது பொருத்தமெனக் கருதினோம். மிஷன் கல்லூரியிற் படித்த காலத்தில் அன்னாரைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவர் என்ற ஒரு வரியளவிலேயே நாம் அறிந்திருந்தோம். அந்த வரிக்கு முன்னே முப்பத்தெட்டு ஆண்டு உத்தியோக வாழ்வு இருந்ததென்பதைப் பின்னரே அறிந்தோம்.

பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 14ஆந் திகதி கொழும்பிலே பிறந்தார். தந்தையார் பொன்னம்பல முதலியார். தாயார் செல்லாச்சி அம்மையார். குமாரசுவாமி, இராமநாதன் என்னும் இருவரும் தமையன்மார். சேர் முத்துக் குமாரசுவாமி தாய்மாமனார். பிற்காலத்தில் றோயல் கல்லூரியெனப் பெயர்பெற்ற கொழும்பு அக்கடமியிற் கற்று, 1870இல் அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்று, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் கிறைஸ்ட் கல்லூரிக்குச் சென்றார். அவர் நாட்டம் நியாயவாதத் தொழிலிலேயே இருந்தது. அதற்குரிய தகுதியையும் பெற்றார். ஆயினும் மாமனாரின் வற்புறுத்தலினால் இலங்கைச் சிவில் சேவைப் பரீட்சைக்குத் தோற்றி, 1875இல் சித்தியெய்தினார். மாமனார் சொல்லுக்காகப் படிப்பை மாற்றிக்கொள்வது இன்றும் நம் குடும்பங்களில் நடப்பதொன்றுதான்!

அக்காலச் சிவில் சேவை ஓர் ஏணியை ஒத்தது. அடியிலே பயிலுநர், அதற்குமேல் ஐந்தாம் வகுப்பு, பின் படிப்படியாக முதலாம் வகுப்பு. ஒவ்வொரு பதவியும் இன்ன வகுப்பினர்க்கு உரியதென வகுக்கப்பட்டிருந்தது. மேலே ஒருவர் ஓய்வு பெற்றாலோ இறந்தாலோதான் கீழேயுள்ளவர் நகரலாம். எனவே சேவையிற் சேர்ந்த ஒவ்வொருவரும் தமக்கு முன்னே எத்தனை பேர் நிற்கின்றனர் என்பதை மனப்பாடமாக வைத்திருந்தனர் எனலாம். அருணாசலம் அவர்கள் பல ஊர்களில் நீதவானாகவும் மாவட்ட நீதிபதியாகவும் கடமையாற்றினார். சட்டஞானம் மிக்க அவரது தீர்ப்புகளைப் பிரதம நீதியரசர் பியர் பெரிதும் மதித்தார். ஆனால் சுதேசிகளை நீதித்துறைப் பக்கமே நிறுத்திவைத்து, ஆட்சியதிகாரமுள்ள ஆசனங்களுக்கு அணுகவிடாதிருந்தமை அன்றைய வழக்கமாகும்.

1887இல் ஏணியின் ஒழுங்கு ஒருமுறை குலைந்தது. தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் அவர்கள், கீழ் வகுப்பொன்றில் நின்ற அருணாசலத்தை, அவருக்கு மூத்த பலரையுந் தாண்டிப் பதிவாளர் நாயகமாக நியமித்தார். தாண்டப்பட்ட ஆங்கில உத்தியோகத்தர்கள் கொதித்தெழுந்தனர். வரிசைப்படி காத்திருப்பவனுக்கு இது கசக்கும் என்பதை நாம் மறுக்கவில்லை. அவர்களுட் சிலர் உண்மையாகவே நெடுங்காலம் காத்திருந்தவர்களாயிருக்கலாம். ஆயினும் அதே வரிசை, நிறத்தைப் பார்த்து ஒருவரை நிறுத்திவைத்தபோது அவர்கள் வாய்திறந்ததாகத் தெரியவில்லை.

நியமனம் தகுமோ தகாதோ என்பதற்குப் பதிவகமே விடை கூறிற்று. காணி உறுதிகள், பிறப்பு, இறப்பு, விவாகம் ஆகிய யாவும் அத்திணைக்களத்தின் பொறுப்பு. குழம்பிக் கிடந்த அலுவலகத்தை அவர் ஒழுங்குபடுத்தினார். ஏடுகளை வேண்டும்போது தேடியெடுக்கத் தக்க முறையில் வைப்பித்தார். கடனில் மூழ்கியிருந்த இலிகிதர்களைக் கைதூக்கிவிட உதவிநிதியொன்றையும் ஏற்படுத்தினார். பிறப்பு இறப்புப் பதிவுக்கான 1895ஆம் ஆண்டுச் சட்டம் அவர் காலத்ததே. பதிவு என்பது வெறுங் கடதாசி வேலை என்று நினைப்பவர் நம்மூரில் இருக்கமாட்டார்கள். 2009ஆம் ஆண்டு இடப்பெயர்விலே தருமபுரம் முதலாய ஊர்களினின்று உடுத்த துணியோடு நகர்ந்தோர் பலர், திரும்பி வந்து முதலில் தேடியது பிறப்புச் சான்றிதழையும் உறுதியையுமன்றோ? எங்கோ ஓர் ஏட்டில் தம் பெயர் இருந்ததனால் பிரதி பெற்றவர்கள், அந்த ஏட்டின் அருமையை அறிவர்.

இத்துணை ஆற்றலுடையவர் மாகாண அரசாங்க அதிபராக ஒருநாளாவது இருந்தாரில்லை. அதுதான் சிவில் சேவையின் உண்மையான அதிகாரபீடம். கண்டாவளை அடங்கிய வட மாகாணத்தை 1869 முதல் 1896 வரை துவைனம் துரை ஒருவரே யாழ்ப்பாணக் கச்சேரியிலிருந்து ஆண்டார். வரி, காணி, குளம், வீதி யாவும் அவர் கைப்பட நடந்தன. தமிழ் பேசும் மக்களை ஆளத் தமிழர் ஒருவரை அனுப்பும் எண்ணம் அன்று எவர்க்கும் எழவில்லை போலும். வகுப்பைக் கொடுத்தார்கள், வேதனத்தைக் கொடுத்தார்கள், ஆசனத்தைக் கொடுக்கவில்லை. பிற்காலத்தில் அவர் அரசியலிற் காட்டிய வேகத்துக்கு இதுவும் ஒரு காரணமென நாம் எண்ணுகின்றோம்.

1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏறக்குறைய 35 இலட்சத்து 65 ஆயிரம் மக்களைக் கணக்கெடுத்த அவ்வேலையின் அறிக்கை, வெறும் எண்களின் தொகுப்பாயிராது, நாட்டின் சரித்திரமும் சமயமும் வழக்கங்களும் விரவிய நூலாய் அமைந்தது. 1906இல் சட்டநிரூபண சபையிலும், 1912இல் நிருவாக சபையிலும் இடம்பெற்றார். 1910இல் இலங்கைக் குடியியற் சட்டத் தொகுப்பு நூலின் முதற்பாகத்தை வெளியிட்டார். 1913இல் ஓய்வு பெற்றார். சேர் பட்டமும் கிடைத்தது.

அறுபது வயதில் இளைப்பாறுவார் என்று எண்ணியோர் ஏமாந்தனர். 1915இல் சமூகசேவைக் கழகம், 1917இல் சீர்திருத்தக் கழகம், 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸ் என ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. தோட்டத் தொழிலாளரைச் சிறைக்கு அனுப்பிய சட்டத்துக்கு எதிராகவும் உழைத்தார். 1906 முதல் சர்வகலாசாலை வேண்டுமென்று அவர் தொடங்கிய இயக்கம், 1921இல் கொழும்பில் சர்வகலாசாலைக் கல்லூரியாகப் பயன் தந்தது. மேல் மாகாணத் தமிழர்க்குரிய பிரதிநிதித்துவம் பற்றிய வாக்குறுதி காக்கப்படாமையால் அவ்வாண்டே காங்கிரசை விட்டு விலகினார். அம்முறிவின் வரலாறு தனிக் கட்டுரைக்குரியது.

அவர் சேர்ந்த சிவில் சேவை 1963 மே முதலாந் திகதியுடன் ஒழிந்தது. அதன் வழிவந்த இலங்கை நிருவாக சேவையில் இன்று மூன்றாந் தரம் முதல் விசேட தரம் வரை படிகள் உள்ளன. கண்டாவளைப் பிரதேச செயலாளர் ஆசனமும் அச்சேவையினர்க்கு உரியதே. நம் இளைஞர் பரீட்சை எழுதி அதில் அமரலாம். அருணாசலம் அவர்களுக்கு அந்த வழி திறந்திருக்கவில்லை.

உத்தியோகச் சுமையிடையிலும் அவர் திருவாசகத்தை ஓதி, அதன் பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து வந்தார். தென்னாட்டுக்குத் தலயாத்திரை சென்றிருந்தபோது, 1924ஆம் ஆண்டு சனவரி 9ஆந் திகதி மதுரையம்பதியிலே இறைவனடி சேர்ந்தார். அம்மொழிபெயர்ப்புகள் 1937இல் நூலுருப் பெற்றன.