ஒரு ரெக்கார்டுகூட இல்லாத 'லூப்' மன்னன்: யார் இந்த காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை?

லேப்டாப்பில் இசையமைக்கும் இளைஞர்களுக்கு 'லூப்' புதுசு இல்லை. 4 பார் நீளத்துக்கு ஒரு துண்டை ரெக்கார்டு செய்தால், மென்பொருள் அதையே திரும்பத் திரும்ப ஓட்டும். ஒவ்வொரு சுற்றிலும் மேலே ஒரு லேயர் சேர்க்கலாம். ஒலி எங்கே ஏறணும், எங்கே இறங்கணும் என்று ஒருமுறை பதிந்துவிட்டால், மீதியை ஆட்டோமேஷன் பார்த்துக்கொள்ளும்.

கிட்டத்தட்ட இதே வேலையை, மெஷினே இல்லாமல் மேடையில் செய்து காட்டினார் பட்டு நகரமான காஞ்சிபுரத்தைச் சேர்ந்த ஒரு பாடகர்.

யார் இவர்?

நயினாப் பிள்ளையின் இயற்பெயர் சுப்பிரமணிய பிள்ளை. பிறந்தது 1889-ல். இவரது தாயின் சகோதரி தனகோடி அம்மாள், அந்தக் காலத்தில் பேர்பெற்ற பாடகி. நயினாப் பிள்ளைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது லயம், அதாவது தாளக் கணக்கு.

பல்லவியும் லூப்பும்

கர்நாடக இசையில் பல்லவி என்பது ஒரே ஒரு வரிதான். தாளம் ஒவ்வொரு முறை சுற்றி வரும்போதும், அந்த வரி அதே இடத்தில் சரியாக வந்து சேரணும். கையில் தாளம் மாறாமல் ஓட, வரியின் வேகம் இரட்டிப்பாகும். அப்போது ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை பாடணும். நான்கு மடங்கு என்றால் நான்கு முறை!

பக்கத்தில் மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று ஒரு பட்டாளமே உட்கார்ந்திருக்கும். இதைத்தான் 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரி என்றார்கள். கணக்கு ஒரு இடத்தில் பிசகினாலும் அத்தனை பேர் முன்னாடியும் தெரிந்துவிடும். அழித்துவிட்டு மறுபடி பதிய அங்கே வழியே கிடையாது.

குரல் எங்கே?

இந்தியாவில் 1902-லேயே கிராமபோன் பதிவு தொடங்கிவிட்டது. ஒரு பக்கத்தில் 3, 4 நிமிடம்தான் அடங்கும். விரிவான பல்லவிக்கு அது எந்த மூலைக்கு? எப்படியோ, நயினாப் பிள்ளை இசைத்தட்டு எதுவும் கொடுக்கவில்லை. 1934-ல் காலமானார். இன்று அவர் குரல் ஒரு நொடிகூட நம்மிடம் இல்லை.

மிஞ்சியது என்ன?

அவரிடம் படித்த சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை, டி.பிருந்தா ஆகியோர் அந்தப் பாடத்தைக் காப்பாற்றினார்கள். 1919-ல் பிறந்த டி.கே.பட்டம்மாள், சின்ன வயதில் காஞ்சிபுரத்தில் அவர் கச்சேரிகளைக் கேட்டே நிறையக் கற்றுக்கொண்டார். ஆண்களின் களம் என்று நினைத்திருந்த பல்லவியை மேடையேறிப் பாடி, பேரும் வாங்கினார்.

இவர்களின் பதிவுகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. நயினாப் பிள்ளையின் பாடமும் கணக்கும் அவற்றில் இருக்கின்றன. அவர் குரல் மட்டும், நேரில் கேட்டவர்களோடு போய்விட்டது.